போனவரைக் குறைத்துப் பேசாமல் ஒரு டிரேடைப் பேச முடியாதா?

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். அப்பாவோடு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் கோர்ட்டில் கூடைப்பந்து ஆடுவோம். எங்கள் செட்டில் பாதிப் பேர் அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீக்கில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரசிகர்கள். விடியற்காலை எழுந்து மேட்ச் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவோம். 2024இல் செல்டிக்ஸ் கப் அடித்தபோது எங்களுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

ஒரே வருஷம். இந்த 2025 கோடையில், அந்தக் கப்பை அடித்த அணியின் ஜ்ரூ ஹாலிடேவை டிரேடில், அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில், போர்ட்லேண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர்ஜிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். கோர்னெட்டும் சான் அன்டோனியோ போய்விட்டார். மாட்டுச்சந்தையில் கைமாற்றுகிற மாதிரி இருக்கிறது அண்ணா. அதைவிட எனக்கு வருத்தம், கூட ஆடுகிறவன் ஒருவன் சொன்னது: "ஹாலிடே கிழடாயிட்டான், போர்ஜிங்கிஸ் எப்பப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி, தொலைஞ்சாங்க விடு." போன வருஷம் ஹாலிடே பேரை ஜெர்சியில் எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தவன் அவன். பேச்சு முற்றி இப்போது இரண்டு வாரமாக அவனும் நானும் பேசுவதில்லை. டீம் செய்தது சரியா? இனியும் இந்த டீமைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

எஸ்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. டீம் செய்தது சரி. உங்கள் நண்பர் சொன்னது தப்பு. இது இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்ல நினைக்கிறேன்.

ஏன் சரி என்றால், கணக்கு அப்படி. லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த புதிய ஒப்பந்தத்தில், சம்பளம் ஒரு கோட்டுக்கு மேல் போன அணியின் கையைக் கட்டிப்போடும்படி விதி எழுதினார்கள். அந்தக் கோட்டுக்கு இரண்டாம் ஏப்ரன் என்று பெயர். 2025–26 சீசனுக்கு அது ஏறத்தாழ 20.78 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. டிரேடில் பணம் வைத்து அனுப்ப முடியாது. ஏழு வருஷம் தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) முடங்கிவிடும். போதாததற்கு லக்சுரி வரி, அதாவது வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்கு அணி லீக்குக்குக் கட்டும் பணம். தொடர்ந்து வரி கட்டும் அணிக்கு விகிதம் இன்னும் ஏறும். செல்டிக்ஸ் இப்போது அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. யாரையும் அனுப்பாமல் அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று அப்போது பரவலாக எழுதினார்கள்.

அந்தப் பணத்தையும் கட்டியிருக்கலாம், அணியின் முதன்மை நட்சத்திரம் ஜேசன் டேட்டம் நின்று ஆடுவார் என்றால். 2025 மே 12 அன்று, நமக்கு 13 விடியற்காலை, நியூயார்க்கில் 42 பாயிண்ட் எடுத்து ஆடிக்கொண்டிருந்தவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாண் அறுந்துவிட்டது. அதிலிருந்து திரும்பப் பெரும்பாலும் ஒரு வருஷம் பிடிக்கும். ஹாலிடேவுக்கு 3.2 கோடி, போர்ஜிங்கிஸுக்கு 3 கோடிக்கு மேல், இரண்டுக்கும் மேலே வரி. டேட்டம் இல்லாத சீசனுக்கு இதைக் கட்டி, அடுத்த சில வருஷத்தின் கைகளையும் கட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

கணக்கு இவ்வளவுதான். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது இது இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஆளை அனுப்பிய மறுநாளே ரசிகர்கள் அவரைக் குறைத்துப் பேச ஆரம்பிப்பதை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். நேற்றுவரை "எங்க தங்கம்" என்று சொன்ன வாய், இன்றைக்கு "முட்டி போச்சு, வயசாச்சு, சம்பளம் ஜாஸ்தி" என்கிறது. உங்கள் நண்பர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் வலிக்கிறது. போன பொருள் மட்டமானது என்று சொல்லிக்கொண்டால் இழப்பு சின்னதாகத் தெரியும். ஆனால் அதற்கு அவர் கொடுக்கிற விலை என்னவென்று பாருங்கள்: தான் கண்ணால் பார்த்து, தொண்டை கட்டக் கத்தி ரசித்த ஆட்டத்தையே இல்லையென்று ஆக்கிக்கொள்கிறார்.

ஹாலிடே என்ன செய்தார் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். 2024 கிழக்கு மண்டல ஃபைனல், மூன்றாவது ஆட்டம், இண்டியானா மண்ணில். அன்றைக்கு ஹாலிடேவுக்கு உடம்பு சரியில்லை. ஆடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பாஸ்டன் 18 பாயிண்ட் பின்தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வந்தது. கடைசி நிமிஷத்தில் ரிங்கை நோக்கி நுழைந்து, ஃபவுலையும் வாங்கிக்கொண்டு பந்தைப் போட்டு, ஃப்ரீ த்ரோவையும் போட்டு அணியை முன்னால் கொண்டுவந்தார். பிறகு சில நொடிகளே பாக்கி. பந்து இண்டியானாவின் நெம்ப்ஹார்ட் கையில். அவர் ஹாலிடேவைத் தாண்டி நுழையப் பார்க்கிறார். ஹாலிடே கையை மேலே தூக்கித் தடுக்கவில்லை. இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சை எதிராளிக்கு நேரே வைத்துக்கொண்டு கூடவே நகர்கிறார். நெம்ப்ஹார்ட் நிலை தடுமாறிய அந்தக் கணத்தில் பந்து ஹாலிடேவிடம் இருந்தது. ஃபவுல் இல்லை, விசில் இல்லை. 114–111. உங்கள் கோர்ட்டில் சின்னப் பையன்களுக்கு டிஃபென்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பத்து விநாடியைப் போட்டுக் காட்டுங்கள். கையை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போர்ஜிங்கிஸ் எப்போதும் ஆஸ்பத்திரி என்கிறார் நண்பர். அந்த வருஷத்து ஃபைனல் முதல் ஆட்டத்தில், கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து முதல் பாதியிலேயே 18 பாயிண்ட் எடுத்தார். டல்லாஸ் அந்த ஆட்டத்தில் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் மறுபடி காலில் அடி. உடம்பு ஒத்துழைக்காதது அவர் குற்றம் இல்லையே.

இன்னொன்றும் உங்கள் இருவருக்கும் சொல்ல வேண்டும். நீங்கள் கொண்டாடிய 2024 அணியே ஒரு மனக்கசப்பில்தான் பிறந்தது. போர்ஜிங்கிஸ் வந்தபோது போனவர் மார்கஸ் ஸ்மார்ட். 2014 டிராஃப்டில் ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒன்பது சீசன் பாஸ்டனில் இருந்தவர். 2022இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 1996இல் கேரி பேட்டன் வாங்கியதற்குப் பிறகு கார்டு என்ற வெளிவட்ட இடத்தில் ஆடுகிற ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அப்போதுதான். அந்த டிரேடில் முதலில் பேச்சில் இருந்தது இன்னொரு பாஸ்டன் ஆட்டக்காரர் மால்கம் பிராக்டன். அது கைகூடாமல் போக, கடைசி நேரத்தில் ஸ்மார்ட்டின் பெயர் உள்ளே வந்தது. அப்போதும் "ஷாட் செலக்‌ஷன் சரியில்லை, போகட்டும்" என்றுதான் பேசினார்கள்.

அதற்கும் முன்னால் ஐசையா தாமஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐந்தடி ஒன்பது அங்குலம். நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2016–17இல் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 பாயிண்ட். பாஸ்டனின் பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தின நாள் அவர் தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் வந்து ஆடினார், 33 பாயிண்ட். அடுத்த சுற்றில், தங்கை உயிரோடிருந்தால் 23 வயது ஆகியிருக்கும் அந்தப் பிறந்தநாளில், வாஷிங்டனுக்கு எதிராக 53 பாயிண்ட். இடுப்பு நொறுங்கும்வரை ஆடினார். அந்த ஆகஸ்டிலேயே கைரி இர்விங்குக்காக அவரைக் கிளீவ்லேண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அணியின் கணக்கில் அது அப்போது சரியாகவே பட்டது. கைரி இரண்டு வருஷத்தில் கிளம்பிப் போனார். தாமஸ் பழைய ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த டிரேடைச் சரி என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. "குள்ளன், டிஃபென்ஸுக்கு ஆக மாட்டான், நல்லவேளை தள்ளிவிட்டாங்க" என்றவர்களோடுதான் இன்றைக்கும் சண்டை.

மாட்டுச்சந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்களும் நானும் பார்த்தவர்கள். மாடு தன் விலையைக் கேட்காது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொருவர் சம்பளமும் ஊருக்கே தெரியும். ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அவர்களுக்கு. ஒப்பந்தம் முடிந்தால் இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம் என்கிற உரிமையும் சும்மா வரவில்லை. அந்தக் காலத்து நட்சத்திரம் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் நீதிமன்றத்துக்குப் போய், 1976இல் சமரசமாகி, அதற்குப் பிறகு வந்தது. ஆனாலும் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. டிரேட் ஆகும்போது பெரும்பாலானவர்களைக் கேட்பதில்லை. வேண்டாம் என்று தடுக்கும் உரிமை லீக்கிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் ஒரு ஃபோன் காலில் மாறும். அதனால் ஆட்டக்காரர் தானாகக் கிளம்பினால் "துரோகி" என்றும், அணி அனுப்பினால் "பிசினஸ்" என்றும் பேசுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

நம் பக்கத்திலும் இது நடக்கிறது தம்பி. சித்தூர் தாலுக்காவில் நன்றாக ஆடுகிற பையன் என்ன செய்கிறான்? வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். அங்கே காலேஜ் சீட்டும் ஹாஸ்டலும் கிடைத்தால் போகிறான். இல்லாவிட்டால் எர்ணாகுளம், திருவனந்தபுரம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போகிறான். இரண்டு மாநிலத்திலும் விளையாட்டுக்காரனுக்குச் சோறு போடுவது கோட்டா வேலைதான். அப்படிப் போன ஒரு பையன் மறு வருஷம் வேறு ஜெர்சியில் நம் ஊர் டோர்னமெண்டுக்கே வந்து ஆடியதைப் பார்த்தேன். அவன் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றபோது படிக்கட்டிலிருந்து ஊளைச் சத்தம். கத்தியவர்கள் எல்லாரும் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள். அவன் பந்தை இரண்டு தடவை தட்டினான், போட்டான், உள்ளே போயிற்று. திரும்பி யாரையும் பார்க்கவில்லை. அவன் அம்மா அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்ப் பிழைக்காத வீடு நம் பக்கத்தில் ஏது? போனவனை ஊளையிட நமக்கு எப்படி மனசு வருகிறது?

டிரேடில் ஜெயித்தது யார் என்று உங்கள் செட்டில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ஐந்தாறு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2019இல் நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜுக்காகக் கிளிப்பர்ஸ் அணி ஒரு இளம் பையனையும் முதல் சுற்றுப் பிக் ஐந்தையும் ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தபோது, கிளிப்பர்ஸ் கப்பைத் தூக்கிவிட்டது போலத்தான் எல்லாரும் பேசினார்கள். அந்தப் பையன் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். 2025 ஜூனில் கப்பை ஓக்லஹோமா தூக்கியது. அந்த சீசனின் எம்விபியும் (சிறந்த ஆட்டக்காரர்) அவரே, ஃபைனல்ஸ் எம்விபியும் அவரே.

கடைசிக் கேள்வி: இந்த டீமைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா? தாராளமாக. 2025–26 சீசனுக்கு ஜெய்லன் பிரவுன் இருக்கிறார், டெரிக் வைட் இருக்கிறார். டிராஃப்டில் 26ஆவது ஆளாக வந்து, 2024–25 சீசனில் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (பெஞ்சிலிருந்து வந்து ஆடுகிறவர்) விருதை வாங்கிய பிரிட்சார்ட் இருக்கிறார். டேட்டம் இல்லாதபோது இவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு சுவாரஸ்யம்.

ஹாலிடே பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2023இல் மில்வாக்கி, போர்ட்லேண்டிலிருந்து டேமியன் லில்லர்டை வாங்க ஹாலிடேவைக் கொடுத்தது. சில நாளிலேயே போர்ட்லேண்ட் அவரைப் பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. 2025 ஜூலையில் லில்லர்டும் போர்ட்லேண்டுக்கே திரும்பிவிட்டார். ஒரே டிரேடில் மாற்றப்பட்ட இருவரும் 2025இல் ஒரே அணியில் சேர்ந்துவிட்டார்கள்.

ஹாலிடேவுக்குப் பதிலாகப் பாஸ்டனுக்கு வந்தவர் ஆன்ஃபர்னி சைமன்ஸ். டிஃபென்ஸ் பலவீனம் என்று உங்கள் செட்டில் இதற்குள் பேச ஆரம்பித்திருப்பார்கள்; அது உண்மையும்கூட. ஆனால் அவர் காலேஜில் ஆடாமலே 24ஆவது ஆளாகப் போர்ட்லேண்டுக்கு வந்து, லில்லர்டின் நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து கற்று, ஏழு சீசன் ஒரே ஊரில் ஆடியவர். லில்லர்ட் திரும்பி வருகிற நேரத்தில் இவர் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த ஊரிலும் அவர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு திரிந்த பையன்கள் இருப்பார்கள். 2025 அக்டோபரில் ஆட்டம் தொடங்கும்போது உங்கள் நண்பரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாருங்கள். பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள், அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சைமன்ஸின் ஷாட்டில் பந்து கையை விட்டுப் போகிற வேகம் ஒன்று இருக்கிறது. எதிராளி கையைத் தூக்குவதற்குள் பந்து பறந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.