பெயர் கொடுக்கலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து எம்.எஸ். படிக்க வந்திருக்கிறேன். இப்போது ஓஹையோவில் முதல் செமஸ்டர். நான் பி.இ. படித்த கல்லூரியில் பெரிய மைதானம் உண்டு. ஆனால் அது பையன்களுக்கும் காலேஜ் டீமுக்கும்தான். ஹாஸ்டல் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை த்ரோபால் ஆடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே என் லேபில் இருப்பவர்கள் இன்ட்ராமுரல் வாலிபாலுக்கு ஆணும் பெண்ணும் கலந்த டீம் ஒன்று சேர்க்கிறார்கள். ஒரு பெண் குறைகிறது, நீ வா என்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 23 வயதில் போய் எல்லார் முன்னாலும் பந்தை விட்டுவிட்டு நிற்பதை நினைத்தால் கூச்சம். என்னால் டீம் தோற்றுப்போனால்? அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "இவ்வளவு கடன் வாங்கி விளையாடவா போனே?" என்று கேட்டார். அவர் கேட்பதும் நியாயம்தானே? மூன்று கோர்ஸ், அதற்கு மேல் டைனிங் ஹாலில் வேலை. சனிக்கிழமைகளில் நம் ஊர்ப் பையன்கள் பார்க்கிங் லாட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள், நாங்கள் போய் உட்கார்ந்து பார்ப்போம். அதுவே போதும் என்றும் தோன்றுகிறது. நீங்களும் இந்தப் பக்கம் படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் கொடுத்துவிடுங்கள். யோசனை எல்லாம் அப்புறம்.

முதலில் கூச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் பெரிதாக நிற்பது அதுதான். நீங்கள் சேரப்போவது பல்கலைக்கழக டீம் இல்லை. டி.வி.யில் வருகிற, ஸ்காலர்ஷிப் வாங்கி ஆடுகிற வார்சிட்டி ஆட்டக்காரர்கள் வேறு உலகம். அதற்கு அடுத்தபடி கிளப் டீம்கள். அவர்கள் வாரத்தில் பல நாள் பயிற்சி எடுத்து வேறு பல்கலைக்கழகங்களோடு மோதுவார்கள். இன்ட்ராமுரல் என்பது இந்த இரண்டிலும் இல்லாத மற்ற எல்லோருக்கும். வளாகத்துக்கு உள்ளேயே, மாணவர்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வது. தேர்வு கிடையாது, யாரும் உங்கள் உயரத்தை அளக்கப் போவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் மாநிலத்தில் பழைய வேர் உண்டு. 1913இல் ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன் இரண்டு பல்கலைக்கழகங்களும் இதற்கென்றே தனியாக ஆள் போட்டன. அப்போதே கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து இல்லை) பெரிய வியாபாரமாகிவிட்டிருந்தது. சில பேர் ஆட, ஆயிரக்கணக்கான மாணவர்கள் கேலரியில் உட்கார்ந்து கத்தினார்கள். உட்கார்ந்திருப்பவர்களை எப்படி எழுப்பி ஆடவைப்பது என்பதுதான் அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி. மிச்சிகனில் 1928இல் இதற்கென்று ஒரு முழுக் கட்டடமே கட்டினார்கள். நீச்சல் குளம், கோர்ட்டுகள் எல்லாம் சாதாரண மாணவர்களுக்காக. அப்புறம் 1950இல் நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவருக்கான 11 கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் கூடி இதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். கூட்டியவர் வில்லியம் வாஸன். இன்று நாடு முழுக்க வளாக விளையாட்டுத் துறைகளை இணைக்கிற நிர்சா என்ற அமைப்பு அங்கே பிறந்ததுதான். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கில், வசதி குறைந்த கல்லூரிகளின் ஆசிரியர்கள், எல்லா மாணவனும் ஆட வேண்டும் என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இது.

உங்கள் ஆட்டம் வாலிபால் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் ஒரு முரட்டு வகுப்பை ஒப்படைத்தார்கள். வெளியே பனி. உள்ளே செய்த உடற்பயிற்சி 18 மாணவர்களுக்கும் சலித்துப்போயிருந்தது. அவர் பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்து, 13 விதிகள் எழுதி, பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். அதுதான் பாஸ்கெட்பால். 18 பேர் இருந்ததால்தான் ஒன்பது ஒன்பதாகப் பிரித்தார். ஒருவரைக்கூட வெளியே உட்காரவைக்கவில்லை. நான்கு வருடம் கழித்துப் பக்கத்து ஊர் ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தைப் பார்த்தார். அவரிடம் உடற்பயிற்சிக்கு வந்தவர்களில் நடுத்தர வயது வியாபாரிகள் பலர். பாஸ்கெட்பாலின் ஓட்டமும் இடிபாடும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நடுவே ஆறரை அடி உயரத்தில் நெட் கட்டி, யாரும் யாரையும் இடிக்காமல் பந்தை அந்தப் பக்கம் தள்ளுகிற ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார். வாலிபால் பிறந்ததே உங்களையும் என்னையும் போன்றவர்களுக்காகத்தான். ஓடத் தெம்பில்லாதவர்கள், பழக்கமில்லாதவர்கள், வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அந்தக் கல்லூரி. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்கள் எத்தனையோ பேர் அங்கே பயின்றவர்கள். ஆக, எல்லோரும் ஆடட்டும் என்ற எண்ணம் நூறு வருடத்துக்கு முன்பே நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாலிபால் கிராமத்துத் திடல்களில் நன்றாகவே வேர் பிடித்தது. பையன்களுக்கு. கல்லூரிகளில்தான் அது சுருங்கிப்போனது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், கல்லூரியில் மைதானத்தைப் பத்துப் பதினைந்து பேர் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டேட் லெவல் சர்டிஃபிகேட் இருந்தால் சேர்க்கையில் தனி இடம் உண்டு, அதனால் ஆட்டமும் இன்னொரு மார்க் ஷீட்டாகிவிட்டது. சர்டிஃபிகேட் வராத ஆட்டம் வெட்டி வேலை என்றே நாம் எல்லோரும் பழகிவிட்டோம். ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டிய பெண்ணுக்கு அதுவும் இல்லை. வகுப்பு முடிவதே நான்கரைக்கு என்றால் அவள் எப்போது ஆடுவாள்? இது எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம். மைதானத்துக்கு விளக்குப் போட்டு, பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க எந்தக் கல்லூரிக்கும் பெரிய செலவு ஆகாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பந்தை விட்டுவிட்டு நிற்பேன் என்கிறீர்கள். நிற்பீர்கள். எல்லோரும் நிற்பார்கள். நான் படித்த இடத்தில் எங்கள் டீமுக்கு வந்த ஒரு பெண் மதுரைப் பக்கம், உங்களைப் போலவே த்ரோபால் மட்டும் ஆடியவள். முதல் ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்து சர்வ் நேராக அவளிடம் வந்தது. இரண்டு கையாலும் லபக்கென்று பிடித்துவிட்டாள். அழகான கேட்ச், த்ரோபாலாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். ரெஃபரி விசில் ஊதி எதிரிக்குப் பாயின்ட் கொடுத்தார். அவள் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சிவந்துபோனது. எதிர் டீமின் கேப்டன் நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தான். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, கட்டைவிரல்களை ஒட்டவைத்து, மணிக்கட்டுக்கு மேலே முன்கையின் தட்டையான இடத்தைத் தொட்டுக் காட்டினான். "இங்கே பட்டால் போதும். கையை வீசாதே, முழங்காலை மடக்கு." பிறகு ரெஃபரியிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, அவனே நான்கைந்து பந்து மெதுவாகப் போட்டுக் கொடுத்தான். ஆட்டத்தில் எங்களை நன்றாகவே அடித்துவிட்டுத்தான் போனான், அது வேறு. மூன்றாவது வாரம் அவளிடம் வந்த சர்வ் முன்கையில் பட்டு நெட்டுக்குப் பக்கத்தில் நேராக எழும்பியது. அந்த ஒரு பந்துக்கு நாங்கள் போட்ட சத்தம் பக்கத்து கோர்ட் வரை கேட்டது.

அவன் மட்டும் நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அமைப்பும் அப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு டீமுக்கும் நடத்தைக்கு மதிப்பெண் போடுவார்கள். கத்தி, திட்டி, ரெஃபரியோடு சண்டை போட்டுச் சராசரி குறைந்தால், எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருந்தாலும் அடுத்த சுற்று இல்லை. நன்றாக ஆடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு, பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு. உங்கள் லேப் டீம் எதில் பெயர் கொடுக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பொழுதுபோக்குப் பிரிவாகத்தான் இருக்கும். முழுக்க ஜெயித்தால் பரிசு ஒரு டி-ஷர்ட். அதற்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆள் குறைந்து ஆட்டமே நடக்காமல் போவதுதான் அங்கே பெரிய வருத்தம், அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஆண்களும் பெண்களும் கலந்த வாலிபாலில் பல இடங்களில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் பந்தை ஒரு முறைக்கு மேல் தொட்டால், அதில் ஒன்றாவது ஒரு பெண்ணின் தொடுதலாக இருக்க வேண்டும். அதாவது ஆறடிப் பையன்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டு உங்களை ஓரத்தில் நிறுத்திவைக்க முடியாது. பந்து உங்களிடம் வந்தே தீரும். ஆரம்பத்தில் அதுதான் பயமாக இருக்கும். இரண்டு வாரத்தில் அதுவே பிடித்துவிடும். இதெல்லாம் தானாக வந்துவிடவும் இல்லை. கல்வி நிலையங்களில் பெண் என்பதற்காக எதையும் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1972இல் சட்டம் வந்தது. அதன் விதிகளில் இன்ட்ராமுரல் விளையாட்டையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். உங்களுக்கு முந்திய பெண்கள் கேட்டு வாங்கிய இடம் அது. காலியாக விடாதீர்கள்.

இப்போது அம்மா. அவர் கேட்டதில் தவறே இல்லை. கடன் பாரம் அவர் தலையிலும்தான் இருக்கிறது. அவரிடம் மறைக்காதீர்கள், கணக்காகச் சொல்லுங்கள். உங்கள் செமஸ்டர் பில்லை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்கான கட்டணத்தை நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் மொத்தக் கட்டணத்தோடு வாங்கிவிடுகின்றன. கடன் வாங்கிய பணத்திலிருந்து அதைக் கட்டிவிட்டு, உள்ளே போகாமல் இருப்பதுதான் வீண். நேரம் என்று பார்த்தால், வாரத்துக்கு ஓர் ஆட்டம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பெரும்பாலும் இரவில். சீசனும் சில வாரங்கள்தான்.

அம்மாவுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டங்களுக்கு ரெஃபரியாக நிற்பவர்கள் மாணவர்கள்தான், அதற்குச் சம்பளம் உண்டு. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும் பல இடங்களில் துறையே பயிற்சி கொடுக்கிறது. வளாகத்துக்குள் செய்கிற வேலை என்பதால் உங்கள் விசாவில் செமஸ்டர் நேரத்தில் அனுமதிக்கிற வாரம் 20 மணிக்குள் அதுவும் அடங்கும். டைனிங் ஹாலில் தட்டு அடுக்குவதைவிட எனக்கு விசில் ஊதுவது நல்ல வேலையாகத் தோன்றுகிறது. ஒரு சீசன் ஆடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் குளிர்காலம். நவம்பர் முதல் வாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு லேபிலிருந்து வெளியே வரும்போதே இருட்டாக இருக்கும். அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தால் அடுத்த நாள் காலை வரை யாரோடும் பேச்சு இருக்காது. நம் பிள்ளைகள் பலர் முதல் வருடத்தில் உடைந்துபோவது இந்த மாதங்களில்தான், வீட்டுக்கு ஃபோன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்பார்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஐந்து பேர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சமயத்தில் பெரிய பிடிப்பு. நான் அம்மாவாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே போகச் சொல்வேன்.

பார்க்கிங் லாட் கிரிக்கெட்டை விடச் சொல்லவில்லை. இந்த நாட்டுக் கல்லூரிகளுக்குக் கிரிக்கெட் புதிதும் இல்லை. பென்சில்வேனியாவில் ஹேவர்ஃபோர்ட் கல்லூரி 1864இலேயே பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு கிரிக்கெட் ஆடியது. இவர்களுடைய முதல் கல்லூரிக் கால்பந்துப் போட்டி நடக்க அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஆனது. ஆனால் சனிக்கிழமைதோறும் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பார்ப்பது உங்கள் வேலை இல்லை. அந்தப் பையன்களிடமும் ஒரு ஓவர் பேட்டிங் கேளுங்கள். கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் பெண்கள் நீங்களே நாலு பேர் சேர்ந்து டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி ஆடுங்கள், லாட் பெரியதுதான்.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஷூ. வெளியில் போட்டு நடக்கிற ஷூவோடு கோர்ட்டில் இறங்காதீர்கள், அடிப்பக்கம் தரையில் கறுப்புக் கோடு விழாத ரப்பராக இருக்க வேண்டும். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். லெக்கிங்ஸ், முழுக்கை டி-ஷர்ட் எதுவானாலும் சரி, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் ஆட்டத்துக்குப் பிறகு முன்கை இரண்டும் சிவந்து தடித்துவிடும். எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும், ஐஸ் வைத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். வீடியோ காலில் அம்மா பார்த்துப் பதறாமல் இருக்க முன்பே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா