92 சதவீதம் என்றால் எத்தனை பேரில்?

நாமக்கல் பக்கத்திலிருந்து எழுதிய தந்தைக்கு,

உங்கள் கடிதத்தின் சுருக்கத்தை முதலில் மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மகள் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 96, இயற்பியல் 74, வேதியியல் 70. பொறியியல் கட்ஆஃப் 168. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் உங்கள் மைத்துனர் சொல்லி, சென்னையை ஒட்டிய ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்துக்கு 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டீர்கள். ஆண்டுக்குக் கட்டணம் நான்கு லட்சம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை லட்சம். மகளோ பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "சொந்தபந்தத்தில் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் பி.டெக். நான் என்ன பதில் சொல்வது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, கொஞ்சம் கவலைப்படுவது நல்லது என்று தோன்றுகிறது.

விடுதிச் செலவு ஆறு லட்சத்தை சேமிப்பிலிருந்தும் நகையிலிருந்தும் சமாளிப்பதாகச் சொல்கிறீர்கள். மீதி 16 லட்சம் கல்விக்கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்கும். அதனால்தான் வீட்டுப் பத்திரம் பேச்சில் வருகிறது. படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் என்று வைத்து, ஆண்டுக்கு நான்கு லட்சமாகக் கடன் வாங்கினால், ஐந்தாவது வருடக் கடைசியில் வட்டி மட்டும் 5.6 லட்சம். ஆகக் கடன் 21.6 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 28,500 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் 23,000 சொச்சம். மொத்தமாக ஆள் எடுக்கும் கம்பெனிகள் புதிதாகச் சேருபவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியது. பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 25,000-தான். வேலை பெங்களூரில் கிடைத்தால், அங்கே ஹாஸ்டலுக்கு யார் பணம் கட்டுவது?

மைத்துனர் அரசுக் கல்லூரியில், மெரிட்டில், கடன் வாங்காமல் படித்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த முறை போனில் பேசும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: உங்கள் வீட்டுப் பத்திரத்துக்குப் பதிலாக அவர் ஃபிளாட்டின் பத்திரத்தை வங்கியில் வைக்கச் சம்மதிப்பாரா? பேச்சின் சூடு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் அண்ணன் மகனின் எண்ணையும் கொடுத்திருந்தீர்கள். "அவனே நல்லா இருக்குன்னுதான் சொல்றான் சார்." பேசினேன். நல்லா இருக்கு என்றுதான் அவரும் ஆரம்பித்தார். எது நல்லது என்றதற்கு யோசிக்காமல் பதில் வந்தது: ரோபோட்டிக்ஸ் கிளப். இரவு பதினொரு மணி வரை லேப் திறந்திருக்கிறது. ஆந்திரா, பீகார், கேரளா என்று பல ஊர் நண்பர்கள். ஒரு சீனியர் சொல்லி விட்டதில் கோடை விடுமுறைக்கு ஒரு இன்டர்ன்ஷிப். இதெல்லாம் அசல் லாபம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்கு அது சரியான இடமாகவே இருக்கலாம்.

அப்புறம் மெதுவாக மற்றதும் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் ஆங்கில எழுத்துகள் தீர்ந்துபோகும் அளவுக்கு செக்‌ஷன்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு இவர் பெயர் தெரியாது, பதிவெண்தான். அட்டென்டன்ஸ் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பினார். ஒரு பாடத்துக்கு நேரே 74.6 என்று சிவப்பில் இருந்தது. 75-க்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. ரோபோட்டிக்ஸ் போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (வருகையாகவே கணக்கிடும் 'ஆன் டியூட்டி' அனுமதி) கேட்டு இரண்டு துறைகளுக்கு நடுவே அலைந்துகொண்டிருக்கிறார். ஊருக்கு வர அவுட்பாஸ் எடுத்தால் அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. போகும், அவர் அதைச் சொன்னால்தான் கேட் திறக்கும். பெண்கள் விடுதியில் உள்ளே வர வேண்டிய நேரம் பையன்களைவிட முன்னதாகவே முடிந்துவிடுகிறதாம். லேப் பதினொரு மணி வரை திறந்திருந்து உங்கள் மகளுக்கு என்ன ஆகப்போகிறது? கட்டணம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

படிப்பை முடிப்பவர்களில் 92 சதவீதம் பேருக்கு வேலை (பிளேஸ்மெண்ட்) என்று அட்மிஷன் அதிகாரி உங்களிடம் சொன்னாரே, அதைப் பற்றியும் கேட்டேன். அரியர் இல்லாமல், அவர்கள் வைத்த சி.ஜி.பி.ஏ. வரம்புக்கு மேல் இருந்து, பிளேஸ்மெண்டுக்குப் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருகிறார்களாம். மேல்படிப்பு என்று எழுதிக் கொடுத்தவர்கள் வெளியே. ஒருவருக்கே இரண்டு ஆஃபர் வந்தால் விளம்பரத்தில் வரும் ஆஃபர் எண்ணிக்கையில் அது இரண்டு. பெரிய சம்பள வேலை கிடைத்தவர்களை 'சூப்பர் ட்ரீம்' என்று பேனரில் படம் போடுகிறார்களே, அவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு அதே மூன்றரை லட்சம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் வருத்தத்தோடு எழுதிய ஓர் இடம். அட்மிஷன் அதிகாரி "92 பர்சென்ட் பிளேஸ்மெண்ட்" என்றதும் உங்கள் மகள் "மொத்தம் எத்தனை பேர்ல சார்?" என்று கேட்டாளாம், உங்கள் மானம் போயிற்றாம். என்னைக் கேட்டால், அந்த அறையில் கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வி அது. இன்னொரு குறையும் சொல்லியிருக்கிறீர்கள்: பரீட்சை சமயத்தில் பாட்டியின் சர்க்கரை அளவை நோட்டில் எழுதிக்கொண்டு நேரத்தை வீணடித்தாள் என்று. வீட்டு மீட்டரும் லேபும் வேறு வேறு எண் காட்டியதால் பல நாள் எண்களை இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்து, "மீட்டர் எப்பவுமே கூடத்தான் காட்டுது, அதனால பயமில்ல" என்றாளாம். பிழை ஒரே பக்கமாகச் சாய்கிறதா, இரண்டு பக்கமும் சிதறுகிறதா என்று பிரித்துப் பார்ப்பது புள்ளியியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. யாரும் சொல்லித் தராமல் அவள் அங்கே போய் நின்றிருக்கிறாள். இயற்பியலும் வேதியியலும் எழுபதுகளில் இருக்க, கணிதம் மட்டும் 96 என்று மதிப்பெண் பட்டியலும் அதையேதான் சொல்கிறது.

மற்றப் படிப்புகளை விடுகிறேன், அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புள்ளியியல் படித்தவர் என்ன செய்வார் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் சானடோரியத்தில் (காசநோய்க்கான தனி மருத்துவமனையில்) வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகமே நம்பிய காலம். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளைத் தற்போக்கு முறையில், அதாவது சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு சானடோரியத்திலும் இன்னொன்றுக்கு வீட்டிலும் அதே மருந்து. நெருக்கடியான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவுகள் வெளிவந்தன, பல நாடுகளில் காசநோய் மருத்துவம் வீட்டுக்கு மாறியது. மருந்து கொடுத்தது மருத்துவர்கள். யாரை எந்தக் குழுவில் போடுவது, எத்தனை பேர் போதும், தெரிகிற வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சொன்னது புள்ளியியல். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்றும் மருந்துப் பரிசோதனை நடத்தும் கம்பெனிகள் உயிர்ப்புள்ளியியல் படித்தவர்களை எடுக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்றே எம்.எஸ்சி. இருக்கிறது. காப்பீட்டில் பிரீமியம் கணக்கிடும் ஆக்சுவரி வேலைக்குத் தனித் தேர்வுகள் உண்டு. கடினமானவை, வருடக்கணக்கில் எழுத வேண்டும், கணக்குப் பிடித்தவர்களுக்குத்தான் அது. அரசுப் பக்கம் வந்தால், யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு. வயது 21 முதல் 30 வரை, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே எழுதலாம். ஐ.ஏ.எஸ். போலவே குரூப் ஏ பணி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. பயிற்சி மையங்களின் பேனர்களில் இதைப் பார்க்கவே முடியாது, போட்டியிடும் கூட்டமும் அந்த அளவுக்கு இல்லை. அதற்கு அடுத்து எஸ்.எஸ்.சி. வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர், அடிப்படைச் சம்பளம் 35,400. நம் மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது.

மேல்படிப்புதான் முக்கியம், இதை அடிக்கோடிட்டு வையுங்கள். பி.எஸ்சி.யோடு நின்றால் பெரிய சம்பளம் வராது. மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி. ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் எழுதினால் கான்பூர், மும்பை ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்குப் போகலாம். கொல்கத்தாவில் மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். என்ற புள்ளியியல் முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை அவர்களே தருகிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் அங்கேயே சேரும் பி.ஸ்டாட். படிப்பும் உண்டு. அதன் நுழைவுத் தேர்வு இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டது, அதை நினைத்து வருந்த வேண்டாம்.

இங்கே சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது, லயோலாவில் இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடும் துறைகள் உண்டு, கம்ப்யூட்டர் லேப் எல்லா இடத்திலும் நன்றாக இருக்காது. ஆர், பைத்தான் என்ற இரண்டு கணினி மொழிகளையும் அவளேதான் கற்க வேண்டும், என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். 50,000 ரூபாய் போதும், 16 லட்சம் தேவையில்லை. 'டேட்டா சயின்ஸ்' என்று பெயர் மாற்றி நான்கு மடங்கு கட்டணம் கேட்கும் தனியார் பி.எஸ்சி.களைப் பார்த்தும் மயங்காதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கி, நிகழ்தகவும் மாதிரி ஆய்வும் (சாம்பிளிங்) எத்தனை செமஸ்டர் இருக்கிறது என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். அவள் பார்ப்பாள்.

"ஒரு வருஷம் பி.டெக். படிச்சுப் பார்க்கட்டும், பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்" என்று மைத்துனர் சொல்வதற்கு மட்டும் நான் ஒப்ப மாட்டேன். முதல் வருடம் ஐந்தரை லட்சம் போன பிறகு யாருக்கும் மாற்ற மனம் வராது. அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்று அவளும் வீட்டில் வாய் திறக்க மாட்டாள்.

கட்டிய 25,000-க்கு வருவோம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) கட்டணத் திருப்ப விதி கட்டுப்படுத்தும். 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31-க்குள் என்றால் 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தம் என்று அறிவித்திருந்தார்கள். இந்த ஆண்டுக்கான தேதிகளை யு.ஜி.சி. தளத்தில் பார்த்து, அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் மட்டும் சொல்லாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்பது 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்த விதி. டி.சி.யையோ மதிப்பெண் பட்டியலையோ கொடுத்திருந்தால் அதே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான டி.என்.காசா தளத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். விருப்பக் கல்லூரிகளின் வரிசையை அவளே நிரப்பட்டும்.