நத்தைமீன் நசுங்காததற்குக் காரணம் எலும்பு இல்லை

மகளின் அறிவியல் படத்தாளில் "மரியானா நத்தைமீனுக்கு எலும்பு கெட்டி, அதனால் நசுங்காது" என்று எழுதியது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். பசிபிக் கடலின் மரியானா அகழியில், மிக ஆழத்தில் வாழும் இந்த மீனின் விஷயம் நேர் எதிர்.

அதன் மண்டையோடுகூட முழுசாக மூடியிருக்காது. செதில் கிடையாது, வெளிறிய இளஞ்சிவப்புத் தோல் வழியே ஈரல் தெரியும். நசுங்குவதற்குக் காற்றுப்பையும் இல்லை.

சுமார் 8,000 மீட்டர் ஆழத்தில், 800 வளிமண்டல அழுத்தம் உண்மையில் குலைப்பது புரதங்களின் வடிவத்தைத்தான். அதைத் தாங்கிப்பிடிப்பது மீனின் உடலிலேயே இருக்கும் டிஎம்ஏஓ (TMAO) என்ற வேதிப்பொருள். (செத்த மீன் நாறுவதும் இது சிதைவதால்தான்!) ஆழம் கூடக்கூட மீனின் உடலில் இதன் அளவும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் இது கூடினால், உடல் கடல்நீரைவிடச் செறிவாகி, உள்ளே நீர் புகத் தொடங்கிவிடும். அதனால்தான் மீன்களின் எல்லை 8,200 முதல் 8,400 மீட்டர் வரை என்று கணிக்கிறார்கள்.

அப்புறம், 2022இல் ஜப்பான் அருகே 8,336 மீட்டரில் படம்பிடித்ததும் ஒரு நத்தைமீன்தான். அதையும் படத்தாளில் சேர்க்கலாம்.