வரிசையில் நிற்கும் பிள்ளைக்குப் பந்து எப்போது கிடைக்கும்?
இளையோர் கால்பந்துப் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

சிறுவர் சிறுமியருக்கான கால்பந்துப் பயிற்சி குறித்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல் நம் பள்ளிகள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஒன்பது முதல் பதினொரு வயது வரையுள்ள 32 மாணவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் கால்பந்து பயில்கிறார்கள். பந்துகள் ஆறுதான். மைதானத்தில் பாதி எங்களுக்கு, மறுபாதி கபடி அணிக்கு. மாணவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, கோன்களுக்கு இடையே பந்தை உருட்டிச் சென்று கோலடிக்கச் சொல்கிறேன். மூன்று மாதமாகியும் ஆட்டத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?
– உடற்கல்வி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

நாளை மாலை ஒரே ஒரு மாணவனை மட்டும் கைக்கடிகாரத்துடன் கவனித்துப் பாருங்கள். வரிசைக்குப் பதினாறு பேர். ஒருவர் கோன்களைக் கடந்து கோலடித்து முடிக்கப் பதினைந்து விநாடி ஆகிறது என்றால், அந்த மாணவனுக்கு அடுத்த வாய்ப்பு வர நான்கு நிமிடம் ஆகும். இருபது நிமிடப் பயிற்சியில் அவன் பந்தோடு இருந்தது ஐந்து முறை, மொத்தம் 75 விநாடி. மீதி நேரம் முழுவதும் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த 75 விநாடியிலும் அவன் எதிர்கொண்டது அசையாத கோனை. கோன் காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது; எனவே தலையைக் குனிந்துகொண்டு பந்தை உருட்டும் பழக்கம்தான் அவனிடம் படிகிறது, ஆட்டத்தில் அவனைக் காலை வாருவதும் அதே பழக்கம்தான்.

ஆறு பந்துகளும் 32 பேரும் உங்கள் தேவைக்குப் போதும். ஐந்து பேர் கொண்ட குழுக்கள் நான்கும், ஆறு பேர் கொண்ட குழுக்கள் இரண்டும் அமையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பந்தும், சுண்ணாம்புத் தூளால் எட்டு மீட்டர் பக்கம் வரைந்த ஒரு சதுரமும் கொடுங்கள். நான்கு பேர் ஓரங்களில் நின்று பந்தை ஒருவருக்கொருவர் கடத்த வேண்டும். நடுவில் நிற்கும் ஒருவரோ இருவரோ அதைப் பறிக்க முயல வேண்டும். பந்தை இழந்தவர் நடுவுக்குப் போக வேண்டும். ஸ்பெயினில் 'ரோண்டோ' என்று அழைக்கப்படும் இந்தச் சிறு ஆட்டத்தைப் பெரிய கிளப்புகளின் முதல் அணிகளும் அன்றாடம் ஆடுகின்றன. பதினைந்து நிமிடம் இது நடக்கட்டும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு செய்திகளைத்தான். பந்தை வாங்குகிறவர் பக்கவாட்டில் உடலைத் திறந்து நின்று, பந்து வரும் திசைக்கு அப்பாலுள்ள காலால் வாங்குகிறாரா? பந்து தன்னிடம் வந்து சேருவதற்கு முன்பே ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொள்கிறாரா? இரண்டாவதைக் கற்றுக்கொடுக்க நான் ஓர் எளிய வழியைக் கையாள்கிறேன். பந்தை வாங்கப் போகும் பிள்ளைக்குப் பின்னால் நின்று சில விரல்களை உயர்த்திக் காட்டுவேன். பந்து அவன் காலைத் தொடுவதற்குள் திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் பந்து காலுக்கடியில் நழுவி ஓடும். மூன்றாவது வாரத்தில் விரல் காட்டாமலேயே தலை திரும்பத் தொடங்கும்.

அதன்பின் நான்கு பேருக்கு நான்கு பேர் ஆட்டம். 25 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு ஆடுகளங்கள் உங்கள் பாதி மைதானத்தில் அமையும். இடம் குறைந்தால் இருபதுக்குப் பதினைந்தும் தாராளம். கோல் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு புத்தகப் பைகள் போதும், கோல் கீப்பர் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வென்ற அணி ஒரு களம் மேலேறவும் தோற்ற அணி ஒரு களம் கீழிறங்கவும் செய்தால், சிறிது நேரத்தில் ஏறத்தாழச் சம வலிமையுள்ளவர்களே எதிரெதிரே நிற்பார்கள். ஒருபக்க ஆட்டத்தால் வரும் அழுகையும் சலிப்பும் குறையும்.

ஆட்டத்தை அடிக்கடி நிறுத்தித் திருத்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம் என்று முடிவு செய்து, அதில் தவறினால் மட்டும் அந்தப் பிள்ளையின் அருகில் சென்று, "அந்த நேரத்தில் வேறு யார் உன் கண்ணில் பட்டார்கள்?" என்று கேளுங்கள். "வலது பக்கம் கொடுத்திருக்க வேண்டும்" என்று நீங்களே சொல்லிவிட்டால், அடுத்த முறை அவன் உங்கள் குரலுக்காகக் காத்திருப்பான். கடைசி ஐந்து நிமிடத்தில் பந்துகளை எண்ணி வலையில் கட்டுவதும் கோன்களை அடுக்குவதும் மாணவர்களின் பொறுப்பாகவே இருக்கட்டும்.

கேள்வி: பத்து வயதாகும் என் மகன், ஆட்டத்தில் பந்து கிடைத்ததும் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரையோ என்னையோ திரும்பிப் பார்க்கிறான். அதற்குள் பந்து பறிபோய்விடுகிறது. அவனுக்குத் தன்னம்பிக்கை குறைவா?
– ஒரு தந்தை, நெய்வேலி

தன்னம்பிக்கையைப் பற்றிக் கவலைப்படும் முன், அவன் காதில் என்ன விழுகிறது என்பதைக் கவனியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பயிற்சி கொடுத்த பதினொரு வயதுக்குட்பட்டோர் அணியின் ஓர் ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் கோலுக்கு எட்டு மீட்டர் முன்னால் ஒரு பையனுக்குப் பந்து கிடைத்தது. "அடி!" என்று நான் கத்தினேன். மறுபக்கத்திலிருந்து அவன் அப்பா "பாஸ் கொடு!" என்று கத்தினார். பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எதிரணிப் பையன் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்து வெளியே வந்தவன், "சார், நான் யார் சொன்னதைக் கேட்டிருக்கணும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஆட்டம் நடக்கும்போது ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதை இடைவேளையில் சொல்கிறேன்.

கைதட்டுங்கள், இரு அணியின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். பயிற்சியாளரிடம் இதைப் பற்றிப் பேசுவதானால் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் தனியாகப் பேசுங்கள். வீடு திரும்பும் வழியில் அவனாகப் பேசும்வரை ஆட்டத்தைப் பற்றி விசாரணை நடத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிளப்பின் 12 வயதுக்குட்பட்டோர் அணி எழுவர் ஆட்டம் ஆடுகிறது. எல்லோரும் பந்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்க்கிறார்கள். எந்த அமைப்பில் நிறுத்தினால் இது சரியாகும்?
– பயிற்சியாளர், தூத்துக்குடி

எழுவர் ஆட்டத்துக்குக் கோல் கீப்பருக்கு முன்னால் பின்வரிசையில் இரண்டு, நடுவில் மூன்று, முன்வரிசையில் ஒன்று என்ற அமைப்பு நன்றாகப் பொருந்தும். எந்தப் பிள்ளையிடம் பந்து இருந்தாலும் அருகில் ஒரு முக்கோணம் தானாக அமைந்துவிடுவது அதன் சிறப்பு. ஆனால் அமைப்பைப் பலகையில் வரைந்து காட்டுவதால் மட்டும் மொய்ப்பது நிற்காது. ஏழு, எட்டு வயதில் பந்தை நோக்கி எல்லோரும் ஓடுவது இயல்பானது, அதைத் தடுக்கவும் கூடாது. பதினொரு வயதில், விலகி நிற்பதால் கிடைக்கும் லாபத்தை அவர்கள் தாங்களே உணரும்படி செய்யலாம்.

களத்தை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். பந்தை வைத்திருக்கும் அணி மூன்று பட்டையிலும் குறைந்தது ஒருவரை நிறுத்தியிருந்தால்தான் அந்த அணியின் கோல் செல்லும் என்று விதி வையுங்கள். முதல் நாள் ஓரப் பட்டையில் நிற்கும் பிள்ளை ஒதுக்கப்பட்டதைப்போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். நடுவில் நால்வர் நெருக்கிக்கொண்டிருக்கும்போது பந்து ஒரே ஒருமுறை அவனிடம் வந்து, எதிரே ஆளில்லாமல் அவன் பத்து மீட்டர் ஓடிவிட்டால் போதும். அதன்பின் ஓரப் பட்டைக்குப் போட்டி வந்துவிடும். அப்போது கோடுகளை அழித்துவிடுங்கள். நிலையான இடம் என்று யாரையும் கட்டிப்போடாமல், ஆட்டத்துக்கு ஆட்டம் டிஃபென்டரை முன்னாலும் ஃபார்வர்டைப் பின்னாலும் மாற்றி நிறுத்துங்கள். கோல் கீப்பரும் இதற்கு விலக்கல்ல.

விதிகளையும் தந்திரத்தின் பகுதியாகவே கற்றுக்கொடுங்கள். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் ஆகிய மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்தைப் பெறுகிறவருக்கு ஆஃப்சைடு (எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 2019-ஆம் ஆண்டின் விதி மாற்றத்துக்குப் பிறகு, கோல் கிக்கைக் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்கு உள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாம். ஆகவே கோல் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூக்கியடிக்கும் வழக்கத்தை விட்டு, பின்னாலிருந்தே ஆட்டத்தைக் கட்டியெழுப்பப் பழக்குங்கள். அப்படிப் பழகும்போது சில கோல்களை வாங்குவீர்கள்; இந்த வயதில் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: ஒன்பது வயது மகனைத் தினமும் முப்பது முறை பந்தைத் தலையால் முட்டச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. இது அவசியமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

உங்கள் பயம் நியாயமானது. இந்த வயதில் அது தேவையே இல்லை. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-லேயே பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவர்களுக்கு ஹெட்டிங் கூடாது என்றும், 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அதற்கு வரம்பு வேண்டும் என்றும் அறிவித்தது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் ஹெட்டிங்கை நிறுத்தின. அதற்கு முந்தைய ஆண்டு கிளாஸ்கோவில் வெளியான ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் வளரும் பிள்ளையிடம் எச்சரிக்கையோடு இருப்பதற்கு அதுவே போதிய காரணம்.

பந்தின் அளவையும் பாருங்கள். 68 முதல் 70 செ.மீ. சுற்றளவும் 410 முதல் 450 கிராம் எடையும் கொண்ட ஐந்தாம் எண் பந்து பெரியவர்களுக்கானது. உங்கள் மகனுக்கு நான்காம் எண் பந்தே பொருந்தும். தலையில் பலமாக அடிபட்டுத் தலைசுற்றலோ, வாந்தியோ, குழப்பமோ தெரிந்தால் அன்று மீண்டும் களமிறக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: பதின்மூன்று, பதினான்கு வயதானதும் எங்கள் அணிப் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். இருப்பவர்களில் இருவருக்கு முழங்காலில் காயம். என்ன செய்வது?
– பயிற்சியாளர், கடலூர் மாவட்டம்

உங்கள் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் மிட்ஃபீல்டராக ஆடியவர். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனவர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறது. தயங்கும் பெற்றோரிடம் போகும்போது இவற்றைச் சொல்லுங்கள். கூடவே அணியின் மூத்த பெண் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சி முடியும் நேரம், வீடு திரும்பத் துணை, உடை மாற்ற ஓர் அறை, சுத்தமான கழிப்பறை ஆகியவற்றுக்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். பெண்கள் விலகுவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். ஆட்டத்தின் மீதுள்ள ஆர்வம் குறைவதில்லை.

முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழியும் வாய்ப்பு பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்ற இருபது நிமிட வார்ம்-அப் இத்தகைய காயங்களைத் தடுக்கப் பயன்படுகிறது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களிடம் அதைச் செய்துபார்த்து 2008-இல் வெளியான ஆய்வில், காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், குந்துதல், தாவி இறங்குதல் எல்லாம் அதில் உண்டு. இறங்கும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், இரு முழங்கால்களும் உள்நோக்கிச் சாயக் கூடாது. வாரத்துக்கு இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, நவம்பரில் பிறந்தவன், உருவத்தில் சிறியவன். தேர்வில் கழித்துவிட்டார்கள். இரண்டு வயது குறைத்துச் சான்றிதழ் வாங்கினால் சேர்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு தந்தை, சேலம்

செய்யாதீர்கள். வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் தேதியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், உங்கள் மகன் தன்னைவிடப் பத்து மாதம் மூத்தவர்களோடு போட்டியிடுகிறான். இது அவனுடைய திறமைக் குறைவல்ல. பொய்ச் சான்றிதழோ, அவனைவிட இரண்டு வயது இளைய இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பறிக்கும். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கணிக்கும் சோதனை நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பிடிபட்டால் தண்டனை உங்கள் மகனுக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவே பொய் சொல்லச் சொன்னார் என்பதை அவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுமந்து செல்வான்.

தேர்வு நடத்தியவர்களிடம், வாரத்தில் ஒரு நாள் உடல் வளர்ச்சியில் ஒத்தவர்களோடும் மற்ற நாட்களில் தன் வயதினரோடும் பயிற்சி செய்ய அனுமதி கேளுங்கள். சம உருவத்தினரோடு ஆடும்போது பந்தைக் கையாளும் துணிச்சல் வளரும். தன்னைவிடப் பெரிய உருவத்தினரோடு ஆடும்போது மோதலுக்கு முன்பே பந்தைக் கடத்திவிடும் வேகம் வரும். அவர்கள் மறுத்தால் இதற்கு இடம் தரும் வேறு பயிற்சி மையத்தைத் தேடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் உயரத்தை வீட்டுச் சுவரில் குறித்து வாருங்கள். பையன்களுக்குப் பொதுவாகப் பதின்மூன்று, பதினான்கு வயதில் உயரம் சட்டென்று கூடும். அந்த மாதங்களில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி என்று அவன் சொன்னால், ஓட்டத்தையும் தாவலையும் சில வாரம் குறைக்கும்படி பயிற்சியாளரிடம் தெரிவியுங்கள்.