பிளவுண்ட அடையாளமும் சந்தைக்கு எதிர்ப்பும்: இரண்டையும் ஒப்பிட முடியுமா?

கேள்வி இது: "டு பாய்ஸ் சொல்லும் இரட்டைப் பிரக்ஞையையும் கார்ல் பொலானி சொல்லும் இரட்டை இயக்கத்தையும் எப்படி ஒப்பிடுவது? முன்னது அடையாளம் பற்றியது, பின்னது பொருளாதாரம் பற்றியது என்று எழுதினால் போதுமா?"

முதுகலை மாணவராக இருப்பீர்கள், கட்டுரை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் போதும். நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அமெரிக்கா, மனம், இனம். அந்தப் பக்கம் இங்கிலாந்து, சந்தை, வர்க்கம் என்று எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்தக் கோட்டின் மேலேயே கொஞ்ச காலம் நின்றவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

முதலில் சுருக்கமாக, மற்ற வாசகர்களுக்காக. கருப்பின அமெரிக்கச் சமூகவியலாளரான டு பாய்ஸ் 1897இல் ஓர் இதழில் எழுதி, 1903இல் 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' நூலில் சேர்த்த கருத்து இது: கருப்பின அமெரிக்கர் தன்னை எப்போதும் அடுத்தவர் கண் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தன்னை இகழ்ச்சியோடும் பரிதாபத்தோடும் பார்க்கிற உலகத்தின் அளவுகோலை வைத்தே தன்னையும் அளந்துகொள்கிறார். இதுதான் இரட்டைப் பிரக்ஞை. பொருளாதார வரலாற்றை ஆராய்ந்த பொலானி 1944இல் 'தி கிரேட் டிரான்ஸ்ஃபர்மேஷன்' நூலில் சொன்னது வேறு. உழைப்பு, நிலம், பணம் மூன்றும் விற்பதற்காகச் செய்யப்பட்ட பொருள்கள் அல்ல. அவற்றைச் சரக்காக நடத்தினால் சமூகம் சிதையும். அதனால் சந்தை விரிய விரிய, தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சங்கம், இறக்குமதி வரி என்று சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்து எழும். சந்தை விரிவது ஓர் இயக்கம், இந்த எதிர்ப்பு இன்னொன்று; இரண்டும் சேர்ந்ததுதான் இரட்டை இயக்கம்.

சரி, இப்போது என் கதை. நான் ஒரு பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தப் பணியாளனாக இருந்தேன். நிரந்தரப் பணியாளர்களுக்கு ஒரு நிறத்தில் அடையாள அட்டைக் கயிறு, எங்களுக்கு வேறு நிறத்தில். வேலை ஒன்றுதான், மேசைகளும் அடுத்தடுத்துதான். நிர்வாகம் இன்னும் பல வேலைகளை வெளியே கொடுக்கப் போகிறது என்று செய்தி வந்ததும் சங்கம் கொதித்து எழுந்தது. நியாயமான கொதிப்பு. பொலானி இருந்திருந்தால் தன் கோட்பாட்டுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பார். கோரிக்கை மனு தயாரானது. வேகமாகத் தட்டச்சு செய்பவன் என்பதால் கையெழுத்துப் பிரதியை என் மேசையில் வைத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடுப்பா" என்றார் சங்கத்து மூத்தவர் ஒருவர். என்னிடம் எப்போதும் அன்பாகப் பேசுபவர். முதல் கோரிக்கை ஊதியம், இரண்டாவது மருத்துவக் காப்பீடு. மூன்றாவது, ஒப்பந்தப் பணியாளர்களை உடனடியாக நீக்க வேண்டும் என்பது.

அடித்துக் கொடுத்தேன். 'உடனடியாக' என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதையும் திருத்தினேன். அவர் வாசித்துப் பார்த்து, "பிரமாதமா வந்திருக்கு" என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது! நீக்கச் சொல்லி எழுதியது என்னைத்தான் என்று அவருக்கும் தோன்றவில்லை, அந்த நிமிடம் எனக்கும் உறைக்கவில்லை. அவர்கள் பார்வையில் நான் நல்ல பையன், மனுவில் இருப்பது 'ஒப்பந்தம்'. நானும் அவர்கள் கண்ணை வாங்கித்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(சம்பந்தமில்லாத ஒன்று: தட்டச்சு தெரியும் என்று அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். விடுப்புக் கடிதம், பிரிவு உபசார மடல், மேலாளர் மகளின் பள்ளிக் கட்டுரை என்று எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். பதவி உயர்வுப் பட்டியலை அடிப்பதும் நீங்கள்தான், அதில் பெயர் இல்லாதவரும் நீங்கள்தான். வேலை மாறிய பிறகும் எனக்கு இது தீரவில்லை.)

இங்கே ஒருவர் கட்டாயம் வருவார்: "அடிமை முறையில் வதைபட்ட மக்களின் அனுபவமும் உன் அட்டைக் கயிறும் ஒன்றா?" ஒன்றல்ல. நான் சாயங்காலம் அந்தக் கயிற்றைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விடுவேன், தோல் நிறத்தை அப்படிக் கழற்ற முடியாது. அந்த மனுவை அடித்ததால்தான் டு பாய்ஸ் எழுதியதில் ஒரு பக்கம் எனக்குப் புரிந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

இதைவிட வலுவான உதாரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1917, இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ். அங்கே அலுமினியத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். தெற்கிலிருந்து வந்த கருப்பினத் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு வைத்தார்கள். மே மாதம் நகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தன் பிரதிநிதிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. இனி வருபவர்களைத் தடுக்க வேண்டும், ஏற்கெனவே வந்துவிட்டவர்களிலும் ஒரு பகுதியினரை அகற்ற வேண்டும் என்றது கடிதம். ஜூலையில் வெள்ளையர் கும்பல்கள் வீடுகளைக் கொளுத்தின. அதிகாரபூர்வக் கணக்கிலேயே குறைந்தது 39 கருப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். டு பாய்ஸ் நேரில் போய் விசாரித்து, தான் ஆசிரியராக இருந்த 'தி கிரைசிஸ்' இதழின் செப்டம்பர் இதழில் அந்தக் கடிதத்தையும் வெளியிட்டார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மனுவின் மூன்றாவது கோரிக்கைதான் கண் முன்னால் வந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் கூலி அடிமட்டத்துக்குப் போகாமல் தங்களைக் காத்துக்கொள்ளப் பார்த்தவர்கள். சந்தைக்கு எதிரான தற்காப்புதான் அது. ஆனால் அந்தத் தற்காப்பின் வேலிக்கு வெளியே நின்றவர்கள் யார்? ஒப்பீடு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சமூகம் எழுந்து நிற்கிறது என்று பொலானி சொல்லும்போது, டு பாய்ஸின் மனிதர் 'அந்தச் சமூகத்தில் நான் உண்டா?' என்று கேட்கிறார்.

பொலானி ரசிகர்களும் கோபிக்க வேண்டாம். எதிர் இயக்கம் எல்லாமே நல்லது என்று அவர் சொல்லவில்லை. பாசிசம் வளர்ந்ததையும் அதே நெருக்கடிக்குள் வைத்துத்தான் விளக்கினார். தென்னாப்பிரிக்கப் பழங்குடிகளின் பண்பாட்டுச் சிதைவையும் தொடக்ககால ஆங்கிலத் தொழிலாளர்களின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். ஆனாலும் ஓர் இடம் என்னை உறுத்துகிறது. உழைப்பு என்பது உண்மையில் சரக்கே அல்லாத 'கற்பனைச் சரக்கு' என்கிறார். டு பாய்ஸ் பிறந்தது 1868இல், அடிமை முறை ஒழிந்து மூன்றே ஆண்டுகள். அவர் எழுதிய மக்களின் பெற்றோரை மேடையில் நிறுத்தி ஏலம் விட்டிருக்கிறார்கள். அங்கே சரக்கு என்பதில் கற்பனை எதுவும் இல்லை.

டு பாய்ஸை வெறும் 'அடையாளம்' என்ற பெட்டிக்குள் போடுவதும் தப்பு. பெர்லினில் ஜெர்மன் பொருளாதார அறிஞர் குஸ்தாவ் ஷ்மோலரிடம் பொருளாதாரம் படித்தவர் அவர். கருப்பின மக்களின் கூட்டுறவு முயற்சிகள் பற்றி 1907இல் அட்லாண்டா பல்கலைக்கழக ஆய்வு வரிசையில் தனி நூலே கொண்டுவந்தார். 1930களில் கூட்டுறவுப் பொருளாதாரத்தைத் தீவிரமாக வலியுறுத்தினார். சந்தையிடமிருந்து தப்பிக்க வழி தேடியவர்தான் அவரும்.

அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃப்ரேசர் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில் சந்தை, தற்காப்பு இரண்டோடு விடுதலை என்ற மூன்றாவது இயக்கத்தையும் சேர்க்கிறார். தற்காப்பு என்ற பெயரில் காக்கப்படுவது பழைய ஏற்றத்தாழ்வாகவும் இருக்கலாம் என்பது அவர் வாதம். படியுங்கள், உதவும்.

கட்டுரைக்கு ஒரு வழி சொல்கிறேன். 1935ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பொலானி சொல்லும் தற்காப்புக்கு அச்சான உதாரணம். அதில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் முதியோர் ஓய்வூதியம் கிடையாது. தெற்கில் கருப்பினத்தவர் மிகுதியாக இருந்தது அந்த இரண்டு வேலைகளிலும்தான். அதே ஆண்டு வெளிவந்த 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' நூலில், வெள்ளைத் தொழிலாளிக்குக் குறைந்த கூலியோடு மரியாதை என்ற மனக்கூலியும் கிடைத்தது, அதனால்தான் இரண்டு தொழிலாளர்களும் ஒன்று சேரவில்லை என்று டு பாய்ஸ் எழுதினார். சட்டத்தையும் நூலையும் சேர்த்து வாசித்தால் ஒப்பீடு தானாக வந்துவிடும். உங்கள் வழிகாட்டி அட்டவணைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கடைசிப் பக்கத்தில் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.