கைக்குழந்தையின் உதட்டில் சிவப்புக் கட்டி: தானாக மறையட்டும் என்று விடலாமா?

கேள்வி இதுதான்: 7 வாரக் குழந்தைக்குக் கீழுதட்டில் ஸ்ட்ராபெர்ரி போலச் சிவப்புக் கட்டி. பிறந்தபோது வெறும் சிவப்புப் புள்ளிதான். "வளர வளரத் தானா மறைஞ்சிடும், விடுங்க" என்கிறார்கள். விடலாமா?

முதுகிலோ கையிலோ சின்னதாக இருந்தால் பெரும்பாலும் விடலாம். உதடு என்றால் விடாதீர்கள். இந்த வாரமே குழந்தைத் தோல் மருத்துவரிடமோ, இந்தக் கட்டிக்கு மருந்து கொடுத்துப் பழகிய குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

இதன் பெயர் ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய்ச் செல்கள் பெருகி உண்டாகும் கட்டி, புற்றுநோய் இல்லை. கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதற்கும் கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யாரும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம். 5 முதல் 8 வாரத்துக்குள் மிக வேகமாக வளரும். பெரும்பாலான வளர்ச்சி 3 முதல் 5 மாதத்துக்குள் முடிந்துவிடும், பிறகு சில வருடங்களில் மெல்லச் சுருங்கும். ஆக, "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் அந்த ஒன்றிரண்டு மாதம்தான் மருந்து அதிகம் உதவக்கூடிய காலம். கட்டி சுருங்கினாலும், இழுபட்ட தோலும் உதட்டின் கோணலும் அப்படியே நின்றுவிடலாம்.

உதட்டில் இன்னொரு ஆபத்து, புண். கீழுதடு, கழுத்து மடிப்பு, டயப்பர் படும் இடம், இந்த மூன்றிலும்தான் கட்டி அதிகமாகப் புண்ணாகும். வேகமாக வளரும் கட்டியின் மேல்தோல் இழுபட்டு நலிந்திருக்கும். அதன்மேல் நாள் முழுக்க எச்சில் ஈரமும், பால் குடிக்கும்போது உரசலும் சேர்கின்றன. புண்ணானால் வலியில் குழந்தை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு விலகி அழும், எடை ஏறாது. அந்த இடம் ஆறினாலும் தழும்பு நிச்சயம்.

தினமும் பகல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் ஒரு போட்டோ எடுங்கள். பளிச்சென்ற சிவப்பின் நடுவே பாலாடை படிந்ததுபோல வெளுப்போ சாம்பல் நிறமோ தெரிந்தால் அது புண் வரப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். 3 மாதத்துக்குள் அப்படி வெளுத்தால் "கட்டி வற்றுகிறது" என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

மருந்து ப்ரொப்ரனலால், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது. பிரான்ஸின் போர்தோவில் வேறு காரணத்துக்காக இதைக் கொடுத்தபோது கட்டி சுருங்குவதைக் கவனித்து 2008இல் வெளியிட்டார்கள், அதன்பின் சிகிச்சையே மாறிப்போனது. வழக்கமாகக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராமில் தொடங்கி 2 அல்லது 3 வரை ஏற்றுவார்கள். 5 கிலோ குழந்தைக்குத் தொடக்கத்தில் நாளைக்கு 5 மில்லிகிராம், அதாவது வேளைக்கு 2.5 வீதம் இரண்டு வேளை. ஏற்கனவே புண் இருந்தால் இன்னும் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுவதும் உண்டு. குறைந்தது 6 மாதம் தொடரும். இதெல்லாம் மருத்துவர் சொல்வது புரிவதற்காக. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்காமல் நீங்களாகத் தொடங்கக் கூடாது. மாத்திரையைக் கையால் உடைத்துக் கரைத்தால் அளவு பிசகும். கொடுக்கும் முறையை மருந்தாளுநரிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இந்த மருந்தால் வீட்டில் பெரிய பயம் ரத்தச் சர்க்கரை இறங்குவதுதான். பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோ மட்டும் மருந்து. குழந்தை குடிக்காவிட்டால், வாந்தி எடுத்தால், மூச்சில் வீசிங் சத்தம் வந்தால் அந்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கொடுத்த மருந்தைக் கக்கினால் மறுபடி கொடுக்காதீர்கள். இரவிலும் நெடுநேரம் பட்டினியாகத் தூங்கவிடக் கூடாது; இந்த வயதில் 5 மணி நேரம் எல்லை. உடம்பு சில்லிட்டு வியர்த்துத் துவண்டால் உடனே அவசரப் பிரிவு.

டிமோலால் என்ற கண் சொட்டு மருந்தைக் கட்டிமேல் தடவச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். மெல்லிய மேலோட்டக் கட்டிக்கு நல்லதுதான். உதட்டில் தடவினால் குழந்தை நக்கி விழுங்கிவிடும், புண் வழியாகவும் ரத்தத்தில் ஏறும். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் சுத்தமான விரலால் வாசனையில்லாத வாஸ்லினை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பாட்டில் என்றால் மிருதுவான நிப்பிள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். சலைனில் (மருந்துக்கடை உப்புநீர்) நனைத்த காஸ் துணியை ஒற்றி ஊறவிட்டால் தானாக இளகும். மஞ்சள், சுண்ணாம்பு, வசம்பு எதுவும் அதில் படக் கூடாது. பல் வரும்போது வாய்க்குள் தடவும் மரப்பு ஜெல்களையும் தவிருங்கள், அவற்றில் சிலவற்றில் உள்ள பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து கைக்குழந்தைக்கு ஆபத்து. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

கட்டி உதட்டோடு நிற்காமல் தாடை, கன்னம், கழுத்து என்று தாடி வளரும் இடங்களில் பரவியிருந்தால் மூச்சுக்குழாயிலும் இருக்க வாய்ப்புண்டு. மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தமோ, அழுகைக் குரலில் கரகரப்போ கேட்டால் இரவானாலும் கிளம்புங்கள்.