முதலையும் பக்கியும் கீறும் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்?

கிளிநொச்சியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் ஏ.எல். பயோ படிக்கிறான், ஆனால் பொழுதுபட்டால் டோர்ச்சோடு குளக்கட்டுக்குப் போய்விடுகிறான், கொப்பி முழுக்க முதலையும், இரவில் திரியும் பக்கிக்குருவியும்தான் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். டோர்ச் அடித்தால் குளத்து முதலையின் கண்ணும், கிரவல் ரோட்டில் குந்தியிருக்கும் பக்கியின் கண்ணும் ஒரேமாதிரி மின்னுவது ஏன் என்று கேட்டு, கீழே இரண்டு கண்ணையும் கீறியிருக்கிறான்.

நல்ல கேள்வி அம்மா. இரண்டுக்கும் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. முதலையில் அது குவானின் என்ற பொருளின் படிகங்களால் ஆனது. பக்கியில் கொழுப்புத் துணிக்கைகளால். வேலை ஒன்று, சாமான் வேறு. இன்னொன்றும் சொல்லுங்கள்: இன்று உயிரோடிருப்பவற்றில் முதலைக்குக் கிட்டிய சொந்தம் உடும்பு இல்லை, பறவைகள்தான். இரண்டுக்கும் இதயத்தில் நான்கு அறை. முட்டையில்தான் வழி பிரிகிறது. முதலை குழி தோண்டி முட்டையிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குழியின் சூடு தீர்மானிக்கும். பக்கி கூடு கட்டாது, வெறுந்தரையில் இரண்டு முட்டை. ஆணா பெண்ணா என்பது தாயின் நிறமூர்த்தத்திலேயே (குரோமோசோம்) முடிந்த கதை.

சரி, இது சோறு போடுமா? மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். மிருக வைத்தியம் என்றால் பேராதனை. அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில்தான். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலும் கிளிநொச்சிக்குப் பங்குண்டு. ஆனால் அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மூன்று பாடத்துக்கும் சேர்த்துத்தான். இரசாயனவியலைக் கோட்டைவிட்டால் முதலை வந்து காப்பாற்றாது.

ஒளிக்காமல் சொல்கிறேன், வனஜீவராசிகள் திணைக்களத்தில் இடங்கள் அதிகமில்லை. ஆராய்ச்சிக்கு ஆங்கிலம் வேண்டும், திணைக்கள வேலைக்குச் சிங்களமும் கைகொடுக்கும். இரண்டையும் இப்போதே தொடங்கட்டும்.

அப்புறம், இருட்டில் தனியே குளக்கரைக்கு விடாதீர்கள். முதலை மட்டுமில்லை, யானையும் வரும் இடம். பெரியவர் ஒருவரோடு போய் ரோட்டுப் பக்கியைப் பார்க்கட்டும். கொப்பியில் திகதி, நேரம், இடம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அது மட்டும் இல்லை.